ஒரே இலக்கத்தில் இரண்டு மணிக்கூடுகள்

"1980 ஆகஸ்ட் 14, வியாழன். இன்று ஒரு சிறு பிழை. தம்பையா அண்ணன் 'ஒரிஜினல்தானுங்களே?' என்று கேட்டபோது, பெட்டியில் இருந்த பெயரை மட்டும் பார்த்து 'ஆமா' என்றுவிட்டேன்."

எழுதியதை ஹுமைத் மறுபடி வாசித்தான். 'சிறு' என்ற சொல்லை அடித்தான்.

தம்பையாவும் மனைவி புஷ்பமும் நாளை பதுளை ஸ்டேஷனில் இரவுக் கோச்சி ஏறி இந்தியாவுக்குப் போகிறார்கள். இனித் திரும்புவதில்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் இருவரும் உழைத்துச் சேர்த்ததெல்லாம், இன்று காலை பதுளைக் கடைவீதியில் ஹுமைத் வேலைபார்க்கும் லத்தீப் மாமாவின் கடையில் ஒரு சுவிஸ் கைமணிக்கூடாக மாறியது. திருச்சியில் அதை விற்றுக் கறவை மாடு வாங்குவதாக இருக்கிறார்கள்.

"இவருக்கெதுக்குங்க மணிக்கூடு?" என்று புஷ்பம் சிரித்தாள். "வேலைக்குப் பேர் பதியற காலைப் பெரட்டுக்குச் சங்கு ஊதினாலும் எந்திரிக்காத மனுசன்!"

"சும்மா இரு புள்ள." தம்பையா ஹுமைத்தின் பக்கம் திரும்பினார். "பெரிய கடைக்குப் போகலீங்க தம்பி. ஒங்க வாப்பா மொகத்துக்காகத்தான் இங்க வந்தேன்."

ஹுமைத்தின் வாப்பா மொஹிதீன் சைக்கிளில் சீத்தைத் துணி கட்டிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக விற்றவர். முன்பாரில் ஹுமைத் உட்கார்ந்திருப்பான். ஏற்றம் வந்தால் தம்பையா ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளுவார். புஷ்பம் அவன் உள்ளங்கையில் நக்கிக்கொள்ளச் சீனி வைத்து, கோப்பையில் வெறுந்தேத்தண்ணி ஊற்றித் தருவாள். கையிலுள்ள சீனி தீருமுன் குடித்து முடிப்பது அவனுடைய விளையாட்டு. வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு அந்தப் பாதையில் அவன் போனதேயில்லை.

சுங்கத்தில் கேட்பார்கள் என்று, தம்பையா வாங்கிய மணிக்கூட்டின் பின்மூடியில் இருந்த இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தான். பிற்பகலில் அடுத்த மணிக்கூட்டைக் கண்ணாடி அலுமாரியில் வைக்கப்போனபோது, அதன் பின்மூடியிலும் அதே இலக்கம். அசல் கொம்பனி இரண்டுக்கு ஒரே இலக்கம் போடாது.

"மாமா, இது டூப்ளிகேட்."

"தெரியும் மகன். நேரம் சரியாக் காட்டுது தானே?"

"அவரு நேரம் பாக்க வாங்கல்லயே மாமா. விக்கத்தானே வாங்கின."

"அங்க வாங்குறவனுக்கும் வித்தியாசம் தெரியாது." மாமா அந்த மணிக்கூட்டை எடுத்து ஹுமைத்தின் கையில் கட்டிவிட்டார். "நீயும் ஒண்டு கட்டு. கிளாஸுக்குப் போக மதிப்பா இரிக்கும்."

இருக்கத்தான் செய்தது. மாலை ஆங்கில வகுப்பில் உடன் படிக்கும் சிவஞானம், "தொர வந்துட்டாருடா!" என்று எழுந்து நின்று சலாம் போட்டான். ஆசிரியர்கூட எட்டிப் பார்த்து, அவனிடமே மணி கேட்டார். ஹுமைத்துக்கு உள்ளூரக் குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து நாட்குறிப்புக் கொப்பியைத் திறந்தபோது அந்தக் குளிர்ச்சிதான் உறுத்தியது. அவன் தெரிந்தே கட்டியிருக்கிறான். அவனுக்கு அது வெறும் பகட்டு. தம்பையாவோ தெரியாமல் கொண்டுபோகிறார். ஆளறியாத ஊரில், கடைக்காரன் ஒருவன் பின்மூடியைத் திறந்தால், மாடும் போய், கள்ளன் என்ற பெயரும் வந்து சேரும்.

மாமா வேலையைவிட்டே துரத்தலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் தன் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்றும் அவனுக்குப் பயமாக இருந்தது. மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினான்:

"நாளை: முதல் பஸ்ஸில் ஸ்பிரிங்வெளிக்குப் போக வேண்டும். தம்பையா அண்ணனையும் அக்காவையும் கடைக்குக் கூட்டிவர வேண்டும். இரண்டு மணிக்கூட்டையும் மாமாவின் மேசையில் ஒரே இலக்கம் தெரியக் கவிழ்த்து வைத்து, அவர்கள் காசைத் திருப்பிக் கேட்க வேண்டும்."