நகராத கை

கிடங்கில் பெட்டிகள் சரிந்து பெரியவரின் மகன் செத்துப்போனான். "விழுந்த நொடியே உயிர் போயிடுச்சு பெரியவரே, யாரு என்ன செஞ்சிருக்க முடியும்?" என்று மேலாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாயைப் பெரியவர் நம்பவில்லை. கேமராவில் பதிவான படத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கேமரா அறைத் திரையில் இருட்டு மூலையில் மகன் குப்புறக் கிடந்தான். கை முன்னால் நீண்டிருந்தது. சுவரில், கைக்கு எட்டாத தூரத்தில், அபாய மணியின் சிவப்புக் குமிழ்.

"பாத்தீங்களா, அசைவே இல்ல," என்றார் மேலாளர்.

பெரியவர் திரையில் மூக்கு இடிக்கப் பார்த்தார். "நிறுத்தும்மா. கை குதிச்சுது."

"அது முழுப் படம் வந்ததால ஐயா," என்றாள் கேமரா பார்க்கும் பெண். "எல்லாப் படத்தையும் முழுசா வெச்சா இடம் பத்தாது. மிஷின் எப்பவாவது ஒண்ணுதான் முழுசா வைக்கும். நடுவுல மாறினத மட்டும் குறிச்சுக்கும். மாறாத இடத்துக்குப் பழசையே ஒட்டிடும்."

"ஒட்டுப்போட்ட படமா? கொஞ்சமா அசைஞ்சா?"

அவள் மேலாளரைப் பார்த்தாள். "இங்க இடம் மிச்சம் பிடிக்க ரொம்ப சுருக்கி வெச்சிருக்காங்க. இருட்டுல மெதுவா அசைஞ்சா, மாறலன்னு விட்டுடும்."

"அப்ப முழுசா இருக்கறத மட்டும் காட்டு."

"சாப்பாட்டு நேரமாச்சு," என்றார் மேலாளர்.

"நீ போய்க் கொட்டிக்கய்யா."

முதல் படத்தில் கை, உடைந்த பலகைக்கு இந்தப் பக்கம். அடுத்ததில் பலகையின் மேல். அதற்கடுத்ததில் பலகையைத் தாண்டியிருந்தது. பின்னால் சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநரின் தொப்பி வரைக்கும் தெளிவு.

"அவன் நிக்கலயே," என்றார் பெரியவர்.

மேலாளர் தொண்டையைச் செருமினார்.

இன்னும் சில படங்கள். விரல்கள் சுவரைத் தொட்டன. மணி ஒரு முழம் மேலே இருந்தது.

"இதுக்கப்புறம் எல்லாம் ஒண்ணு போலதான் ஐயா. வேணாம்."

"போடும்மா."

போட்டாள். விரல்கள் அதே இடத்தில்.

"இன்னொண்ணு போடு."