வாங்க என்று சொன்ன வாசல்

1

இந்தக் கதை ஒரு நோட்டீஸாகப் பிறந்திருக்க வேண்டியது. கப்பலூரில் கேட், கிரில், வாசல் வேலைகள் செய்யும் இம்மானுவேல் என்பவர், 'வந்தவரை உள்ளே அழைக்கும் முன்வாசல் அமைப்பது எப்படி' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எனக்கு இருந்த ஒரே அனுபவம், கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் கேண்டீன் சாம்பாருக்கு இரங்கல் எழுதியது. அது போதும் என்றார்.

இப்படித் தொடங்கினேன்:

உங்கள் வீட்டின் முகம் அதன் வாசல்தான். எனவே முகத்துக்குப் பவுடர் பூசுவதுபோல

(நிறுத்திவிட்டேன். முகம் என்றால் அதில் ஒரு வாயும் இருக்குமே என்று தோன்றியது.)

மறுபடியும்:

வாசலில் வெளிச்சம் வேண்டும், ஒரு செடி வேண்டும், செருப்பு விட இடம் வேண்டும், வருகிறவருக்கு அன்பாக ஒரு சொல்

இதை வாசித்துக் காட்டியபோது இம்மானுவேல், "அந்தச் சொல்லு மட்டும் வேணாம் தம்பி. அடிச்சிரு" என்றார். ஏன் என்று கேட்டேன். சொன்னார். நோட்டீஸ் இன்னும் அச்சாகவில்லை.

2

கதைக்குள் வந்துவிட்டதால் அவர் இனி 'அவன்'. நேரில் பார்க்கும்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நாகமலை புதுக்கோட்டையில் உரக்கடை வைத்திருந்த கருத்தக்கண்ணன், புது வீட்டின் வாசலை இம்மானுவேலிடம் ஒப்படைத்தார். "மாப்ள, ரோட்டுல சும்மா போறவனுக்கும் உள்ள வந்து ஒருவாய் மோர் குடிக்கணும்னு தோணணும். வாசல் அப்பிடி இருக்கணும்."

இம்மானுவேல் வேலையை ரசித்துச் செய்கிறவன். முட்டிவலிக்காரர்களுக்காகப் படிகளைத் தாழ்த்தினான். கேட்டுக்கு மேலே காகிதப்பூக் கொடியை வளைத்துவிட்டான். கேட்டிலிருந்தே வரவேற்பறை நாற்காலி கண்ணில் படும்படி கதவைத் திருப்பி வைத்தான். உட்காரும் இடம் தெரிந்தால் கால் தயங்காது என்பது அவன் கண்டுபிடிப்பு. கடைசியாகத் தூணில் சோப்புப் பெட்டி அளவில் ஒன்றைப் பொருத்தினான். ஆள் உள்ளே வந்தால் அது "வாங்க வாங்க" என்னும். வெளியே போனால் "போயிட்டு வாங்க" என்னும். குரல் வீட்டுக்காரம்மா பாண்டீஸ்வரியுடையது.

"ஆளே இல்லாம என்னத்தத் தம்பி பேசுறது?" என்று பதிவின்போது அவர் கூச்சப்பட்டார்.

"இருக்கிறதா நெனச்சுப் பேசுங்கக்கா."

அவர் கணவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தினமும் கடைக்குக் கிளம்புகிறவரிடம் சொல்லும் அதே குரல்.

கருத்தக்கண்ணன் அன்றைக்கு வேலை வெட்டி இல்லாமல் கேட்டைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தார். "நேருல சொல்றத விட இதுல மரியாத ஜாஸ்தியா இருக்கு மாப்ள."

[அடிக்குறிப்பு போல ஒன்று. எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வருகிறவரை 'வாங்க' என்று சொல்லக் கூடாது. கிளம்புகிறவரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அப்படியொரு காரியத்துக்கு மறுபடி வர நேரக் கூடாது என்பதற்காக. இது எல்லோருக்கும் தெரியும். பெட்டிக்குத் தெரியாது.]

3

ஏழாம் மாதம் கருத்தக்கண்ணன் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

பந்தல் போட வந்தவர்களைப் பெட்டி "வாங்க வாங்க" என்றது. ஐஸ் பெட்டியை இறக்க வந்தவர்களையும், மாலையோடு வந்த சொந்தக்காரர்களையும் அப்படியே. பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் கேட்காத மாதிரி இருந்தார்கள்.

தூக்கும் நேரம். கேட்டின் இரண்டாவது கதவு கொஞ்சம் இடிக்கும். அதைத் திறக்கத் தெரிந்தவன் இம்மானுவேல் ஒருவன்தான். அதனால் அவன் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். பறைக்காரர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள். சத்தம் சட்டென்று தேய்ந்தது. பாடை கேட்டைக் கடந்தது.

"போயிட்டு வாங்க."

தூக்கியிருந்த நான்கு பேரின் கால்களும் நின்றன. வாசற்படியில் இரண்டு பெண்கள் பிடித்திருக்க, பாண்டீஸ்வரி தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். அழுகை அந்த இடத்தில் அறுந்துபோனது. பிறகு யாரோ, "ம், நடங்க" என்றார்கள்.

(இந்த இடத்தில் ஒரு ஜோக் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

4

கருத்தக்கண்ணன் உயிரோடு இருந்தபோது காலை பதினொரு மணிக்குக் கடையிலிருந்து வந்து ஒரு டம்ளர் மோர் குடிப்பார். காரியம் முடிந்த மறுநாள் பதினொரு மணிக்கு, வெயிலைத் தவிர யாரும் இல்லாத வாசலில், பெட்டி "வாங்க வாங்க" என்றது. "போயிட்டு வாங்க" சொல்லவேயில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

இதோடு மட்டும் இருந்திருந்தால் பாண்டீஸ்வரி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். வருஷம் திரும்புவதற்குள் மகள் முனீஸ்வரிக்குக் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று பேச்சு. முதலில் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டோடு திரும்பிவிட்டார்கள். போனில், "உள்ள பெரியவரு ஒருத்தரு ஒக்காந்து மோர் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. விருந்தாளி இருக்கையில எதுக்குன்னு வந்துட்டோம்" என்றார்கள். அடுத்து வேறொரு ஊரிலிருந்து, வேறொரு குடும்பம். அதே பதில். சட்டை நிறத்தைக்கூட ஒன்றாகச் சொன்னார்கள்.

மூன்றாவது குடும்பம் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. முனீஸ்வரிக்குப் பிடித்த பையன். வெள்ளிக்கிழமை பாண்டீஸ்வரி இம்மானுவேலைக் கூப்பிட்டார்.

(முதல் வரைவில் இம்மானுவேல் பயந்து நடுங்கினான். சரிபார்க்கக் கேட்டேன். "பயமெல்லாம் இல்ல தம்பி. வாரண்டி இருக்குல்ல" என்றார். எனவே நடுக்கம் நீக்கப்பட்டது.)

பத்தரை மணிக்குப் பெட்டியைக் கழற்றித் திறந்தான். பேட்டரிகள் வெள்ளையாகப் பூத்து, கம்பியோடு ஒட்டிப்போயிருந்தன. செத்து மாதக்கணக்காகியிருக்கும்.

"பேட்டரி எப்பக்கா மாத்துனீக?"

"அவருதான் மாத்துவாரு."

வரவேற்பறை மேசையில் ஒரு டம்ளர் மோர் தயாராக இருந்தது. இம்மானுவேல் அதைப் பார்ப்பதைப் பாண்டீஸ்வரி பார்த்தார். "கூப்பிட்டது நாந்தான தம்பி. வந்தவுகளுக்கு ஒண்ணும் குடுக்காம எப்பிடி? என் கண்ணுக்குத்தான் தெரிய மாட்டேங்குது. வர்றவுகளுக்கெல்லாம் தெரியுது."

"சாயங்காலம் டம்ளரு காலியா இருக்குமாக்கா?"

"வெயிலுக்கு வத்தும்ல" என்றார் அவர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"பெட்டிய நான் கொண்டு போயிர்றேன்."

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த முனீஸ்வரி கேட்டாள்: "கொண்டு போயிட்டா, உள்ள இருக்கவரு எப்பிடிண்ணே வெளிய போவாரு?"

இம்மானுவேல் நிறைய வாசல்கள் செய்திருக்கிறான். எல்லாம் ஆளை உள்ளே அழைக்கிற வாசல்கள். அனுப்புகிற வாசலை யாரும் அவனிடம் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, புது பேட்டரி போட்டு, பதிவுப் பொத்தானை அமுக்கத் தயாராகப் பெட்டியை நீட்டினான்.

"பழசு அழிஞ்சிரும்க்கா. 'போங்க'ன்னு மட்டும் சொல்லுங்க. 'வாங்க' சேக்க வேணாம்."

பாண்டீஸ்வரி பெட்டியை வாங்கவில்லை. "இருவத்தாறு வருசம் தம்பி. சண்ட போட்டுக் கஞ்சி குடிக்காமக் கெளம்புன அன்னைக்குக்கூட 'வாங்க'வச் சேத்துத்தேன் சொல்லிருக்கேன்."

"அம்மா" என்றாள் முனீஸ்வரி.

மணி பத்து ஐம்பத்தெட்டு.

5

இங்கே நல்லபடியான முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது. பாண்டீஸ்வரி 'போங்க' என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தயங்காமல் உள்ளே வந்து, காலியான நாற்காலியில் உட்கார்ந்து, பூ வைத்து உறுதி செய்கிறார்கள். சாயங்காலம் டம்ளரை எடுக்கப் போனால் மோர் நிரம்ப அப்படியே இருக்கிறது. பாண்டீஸ்வரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம்

(கல்யாணம் நடக்கிறது. ஆனால் இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.)

இன்னொன்று. அவருக்கு மனசு கேட்கவில்லை. பழையபடி 'போயிட்டு வாங்க' என்றே சொல்லிவிடுகிறார். முனீஸ்வரி உள்ளே போய், கட்டவிருந்த சேலையை மடித்து பீரோவில்

(இதுவும் ஆகவில்லை.)

நடந்ததாக இம்மானுவேல் சொன்னது இவ்வளவுதான். பாண்டீஸ்வரி பெட்டியை வாங்கி, காலி நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். இம்மானுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பதிவு முடிந்து சிவப்பு விளக்கு அணையும்போது வரும் 'டிக்' சத்தம் மட்டும் கேட்டது. பெட்டியைத் திரும்பத் தூணில் மாட்டினான். போட்டுப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவன் 'வாரேன்கா' என்று சொல்லாமல் கிளம்பினான்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். இம்மானுவேல் எதிர் டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் கேட்டைத் தொடும் முன்பே, யாரும் கடக்காமலே தூணில் பெட்டி ஏதோ சொன்னது. மாப்பிள்ளையின் அம்மா சட்டென்று ஒதுங்கி, உள்ளேயிருந்து வருகிற ஒருவருக்கு வழிவிடுவதுபோல நின்றார். யாரும் வெளியே வரவில்லை. அந்தம்மா, தெருவில் யாரோ நடந்து போவதைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றினார்.

"பெட்டி என்னண்ணே சொல்லுச்சு?" என்று கேட்டேன்.

"பஸ் போச்சு தம்பி. காதுல விழல."

6

ஆக, போனவர் ஒரேயடியாகப் போய்விட்டாரா, அல்லது திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மோருக்கு வந்துவிடுவாரா? அந்த ஒரு சொல்லை நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வேறு சிக்கல். தலைப்பில் 'வாங்க' என்று எழுதி உங்களை உள்ளே கூப்பிட்டது நான்தான். அனுப்புவதற்கு என்னிடம் இருப்பவை 'போங்க', 'போயிட்டு வாங்க' என்ற இரண்டே சொற்கள். இரண்டையும் இந்த வீட்டில் சொல்ல முடியாது. எழுந்துகொள்வதானால் பேசாமல் எழுந்துகொள்ளுங்கள்; அதுதான் முறை. கேட்டின் இரண்டாவது கதவு இடிக்கும், லேசாகத் தூக்கித் திறக்க வேண்டும்.

மேசையில் இருக்கும் மோரை மட்டும் தொட வேண்டாம். அது உங்களுக்கு ஊற்றியதில்லை.