மலையின் கீழ்ப்பாதி

தெருவில் அவளுக்கு ஒத்தக்கண்ணி என்று பெயர். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. ஒரு கண்ணைக் கேமராவில் வைத்து மற்றதை மூடிக்கொண்டு மொட்டை மாடி, பேருந்து நிறுத்தம், மலைச் சரிவு என்று கண்ட இடத்தில் நிற்பதால் வந்த பெயர் அது. அப்படிக் கூப்பிட்டால் அவளும் சாதாரணமாகத் திரும்பிப் பார்ப்பாள்.

ஸ்டுடியோ அவளுக்கும் அண்ணனுக்கும் பொது. படம் எடுப்பது அவள். கணினியில் திருத்துவதும், அச்சடிப்பதும், வருகிறவர்களிடம் பேசுவதும் அண்ணன். "நீ பேசினா வர்றவனும் திரும்பிப் போயிடுவான்" என்பான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

ஸ்டுடியோவுக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஓட்டல் எழும்பியது. அதன் மேனேஜர் வந்து, வரவேற்பறைச் சுவர் முழுக்க மலையின் படம் வேண்டும் என்றார். அவ்வளவு பெரிய அளவில் அவள் படம் எங்கும் தொங்கியதில்லை.

மலை ஊருக்கு வடக்கே. ஊருக்குத் தெற்கே இருக்கிற சிறு குன்றின் சரிவில் ஏறி நின்றால் மலையும் ஊரும் ஒருசேரத் தெரியும். நண்பகலில் மலை தட்டையாக, ஒட்டிவைத்த காகிதம் போல இருக்கும். பொழுது சாயத் தொடங்கி வெயில் மேற்கிலிருந்து பக்கவாட்டில் விழும்போதுதான் அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழும். ஒரு பக்கம் தேன் நிறம், மறுபக்கம் கருநீலம். அந்த மடிப்புகள் அடிவாரத்தோடு முடியவில்லை என்பதை அவள் அங்கே நின்றுதான் கண்டுகொண்டாள். மலையில் தண்ணீர் இறங்கிய வழியிலேயே ஊர்க்காரர்கள் சந்து விட்டு வீடு கட்டியிருந்தார்கள். தகரக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் நடுவே மலையின் அதே நிழல் கோடுகள் ஓடி வந்தன.

மலையை மட்டும் வைத்துப் பார்த்தாள். அது அந்தரத்தில் மிதந்தது. ஊரையும் சேர்த்தால் சிகரம் சிறுத்துப்போனது. பல மாலைகள் நிற்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு சரிந்த பாறை மேல் ஏறியபோது மலை பாதி, ஊர் பாதி என்று படம் உட்கார்ந்தது. மேகம் விலகி வெயில் பாய்ந்த ஒரு நொடியில் எடுத்தாள். கூரைகளும் சிகரமும் ஒரே தணலில் காய்ந்த மாதிரி இருந்தன.

"இதுல எதையும் வெட்டக் கூடாது" என்று மேனேஜரிடம் சொல்லித்தான் கொடுத்தாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்றார் அவர்.

ஓட்டல் திறப்பன்று அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனாள். சுவர் முழுக்க மலை இருந்தது. ஊர் இல்லை. இறங்கி வந்த மடிப்புகள் எல்லாம் சட்டத்தின் கீழ் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றன.

மேனேஜர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "இப்பதான் மேடம் மலை மலையா இருக்கு. தகரமும் துணியும் கெஸ்ட்டுக்கு எதுக்கு? உங்க அண்ணன்தான் அழகா வெட்டிக் குடுத்தாரு."

"விடு, என் நைட்டி காயறது ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்றாள் அண்ணி. பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

ஸ்டுடியோவில் அண்ணன் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் நின்றபடியே கேட்டாள்.

"வெட்டினியா?"

"கேட்டாங்க, வெட்டினேன். நீ எடுத்ததுல நான் வெட்டாதது எது? கல்யாண ஆல்பத்துல ஓரத்துல நிக்கிறவன் முழங்கைய வெட்டலயா?"

"அது முழங்கை. இது நாம குடியிருக்கிற வீடு."

"வீட்டை யாரு இடிச்சா? படத்துலதானே இல்ல."

"அந்தச் சுவரைக் கட்டினதே நம்ம தெருக் கொத்தனாரு. அங்க வர்றவன் மலையைப் பாத்துட்டு, கீழ ஒரு ஈ காக்கா இல்லேன்னு நெனச்சுட்டுப் போவான். அதுக்கா நான் பாறை பாறையா ஏறினேன்?"

"இப்ப என்ன பண்ணச் சொல்ற? போய்ச் சண்டை போடவா?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். எந்திரி."

அவன் எழுந்தான். அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து முழுப் படத்தையும் திறந்தாள். அவன் வெட்டிய அதே கோட்டில் தானும் வெட்டினாள். மேல்பாதியை நீக்கிவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் வைத்துக்கொண்டாள். ஓட்டல் படம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு ஃபிளெக்ஸில் அடித்தாள். மறுநாள் காலையில் ஸ்டுடியோவின் முன்சுவரில், ஓட்டல் வாசலைப் பார்த்தபடி கட்டினாள். அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் உள்ளேயே இருந்தான்.

தெரு கூடிவிட்டது. கொத்தனார் தான் போட்ட மாடியைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நகர மறுத்தார். யார் வீட்டுத் தொட்டி பெரியது என்று இரண்டு பேருக்கு வாய்ச்சண்டை வந்தது. "இவ்ளோ பெரிசா வரும்னு தெரிஞ்சிருந்தா நல்லதா ஒண்ணு காயப் போட்டிருப்பேனே" என்று அண்ணி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓட்டலில் தங்கியவர்களும் சாலையைக் கடந்து வந்தார்கள். ஒரு பெண்மணி கேட்டார்: "இது உள்ள இருக்கிற மலையோட மிச்சமா?"

"மிச்சம் இல்லம்மா. கீழ்ப்பாதி. மேல்பாதிதான் அங்க தனியாத் தொங்குது" என்றாள் அவள்.

அந்த அம்மாள் திரும்பிப் போய், கீழ்ப்பாதி ஏன் இங்கே இல்லை என்று வரவேற்பறையில் விசாரித்தார். பிறகு இன்னொருவர் விசாரித்தார். மேனேஜர் அன்று மாலையே சாலையைக் கடந்து வந்துவிட்டார். வந்தவர் அவளைப் பார்க்கவே இல்லை. நேராக அண்ணனிடம் போனார்.

"என்ன சார் இது, எங்களக் கேலி பண்ற மாதிரி இருக்கு. கழட்டச் சொல்லுங்க. எங்க மத்த ஓட்டலுக்கும் உங்ககிட்டதான் படம் வாங்கலாம்னு இருந்தோம்."

அந்த வேலைக்காக அண்ணன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது அவளுக்குத் தெரியும். இத்தனை வருடமாக அவளுக்கும் சேர்த்து அவன்தான் பதில் சொல்லி வந்தான். இதற்கும் ஒரு 'சரிங்க சார்' வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"படம் அவளோடது சார். அவகிட்டயே கேளுங்க" என்றான் அண்ணன்.

மேனேஜர் வேறு வழியில்லாமல் திரும்பினார். "மேடம்..."

"கழட்ட மாட்டேன்" என்றாள் அவள். "எங்க சுவர், என் படம். முழுசா மாட்டுறதா இருந்தா சொல்லுங்க, இன்னிக்கே அடிச்சுத் தர்றேன். இல்லேன்னா அங்க பாதி, இங்க பாதி, ரெண்டும் தொங்கட்டும்."

"அந்த ஆர்டர் போயிடும்."

"போகட்டும்."

அவர் போனார், ஆர்டரும் போனது. அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாகவே பாறைக்குப் போகும் வழியைக் கேட்டான். அன்று மாலை இரண்டு பேரும் சரிவில் நின்று, வெயில் இறங்குவதைப் பார்த்தார்கள். "சந்து நேரா மேல ஏறுது" என்றான் அவன், ஏதோ அதைத் தானே முதலில் கண்டுபிடித்த மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் ஓட்டல்காரர்கள் வாசலில் ஆள் உயரத் தொட்டிச் செடிகளை வரிசையாக வைத்து ஸ்டுடியோச் சுவரை மறைத்தார்கள். அவள் ஏணியை எடுத்து வந்து ஃபிளெக்ஸை அவிழ்த்தாள். இந்த முறை ஒரு முனையை அண்ணன் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருமாக ஸ்டுடியோவின் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், கைப்பிடிச் சுவருக்கு மேலே கம்பி நட்டு, ஓட்டலின் மூன்று மாடி ஜன்னல்களுக்கும் தெரிகிற உயரத்தில் இழுத்துக் கட்டினார்கள்.