கிளீட்டஸ் கொண்டுபோன நடு மைதானம்

கிளீட்டஸ் அணியை விட்டுப் போனபோது நடு மைதானத்தையும் சுருட்டிக்கொண்டு போனான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பனவிளைத்துறை கால்பந்துக் கழகத்தில் அதுதான் வழக்கம். வலைக் கொட்டகைப் பலகையில் ஒருவன் பெயரை அடித்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் அவன் தன் இடத்தை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். முன்பு இடது ஓரத்தில் ஆடியவன் தன் ஓரத்தை மீன்பெட்டிக்குள் மடித்துவைத்து பஸ் ஏறினான். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

கிளீட்டஸின் பெயரை அடித்தவர் செயலாளர் பெர்க்மான்ஸ். போன வருஷம் மாதா திருவிழாக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு, ஆழ்கடலுக்குப் போயிருந்த கிளீட்டஸ் வந்து சேரவில்லை. கழகம் தோற்றது. மறுநாள் காலை அவன் கரையேறிய கையோடு கொட்டகைக்கு வந்து, "அண்ணே" என்று ஆரம்பித்தான். பெர்க்மான்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாக்பீஸை எடுத்து அவன் பெயர்மேல் ஒரே இழுப்பாக இழுத்தார். ஏன் பிந்தினாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே, அந்த மனுஷன்! வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நடு போனதும் மைதானத்தின் இரண்டு முனைகளும் ஒட்டிக்கொண்டன. பின்வரிசைக்காரன் ஓர் எட்டு வைத்தால் எதிராளியின் கோலுக்குமுன் நின்றான். டாஸ் போட இடமில்லை. ஆகஸ்டுக்குள் நடு வராவிட்டால் இந்த வருஷத் திருவிழா ஆட்டம் அடுத்த துறைக்குப் போய்விடும் என்று கோப்பைக் கமிட்டி சொல்லிவிட்டது. முப்பது வருஷம் செயலாளராக இருந்தும் அந்தக் கோப்பையைத் தொட்டுப் பார்க்காத பெர்க்மான்ஸ், சொந்த நடுவோடு வரக்கூடிய ஆளைத் தேடிப் புறப்பட்டார்.

முதலில் பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். நன்றாக ஆடுவான். ஆனால் அவனுடைய நடு, நாற்று நட்ட வயல். பச்சைப் பயிரில் மிதிக்க யாருக்கும் மனசு வரவில்லை. அறுப்பு முடிந்து வா என்று அனுப்பினார்கள். அடுத்து வந்த வங்கிக்காரருக்கு நடு மிகவும் நீளம். ஞாயிறு சாயங்காலம் அவர் கொடுத்த பாஸ் புதன்கிழமை காலையில்தான் முன்வரிசைக்குக் கிடைத்தது. அதற்குள் முன்வரிசை வேலைக்குப் போயிருந்தது. கடைசியாகக் கிடைத்தவனுடைய நடு புல்லும் சமதளமுமாகக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. பெர்க்மான்ஸ் அவனுக்குச் சட்டை தைக்கவே சொல்லிவிட்டார். பிறகு பார்த்தால் அதில் தம்பிக்குப் பாதி. பாகம் பிரித்து வேலி போட்டிருந்தது. தம்பி பங்கில் கால் படக்கூடாது என்று அவர்கள் அம்மா கோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் ஆகாது அண்ணே," என்றான் கோல்கீப்பர் ததேயு. "கிளீட்டஸையே போய்க் கேளுங்க. நீங்க கேக்காம வரமாட்டான்."

பெர்க்மான்ஸ் போனார். கிளீட்டஸ் மனைவியின் ஊரில் வீட்டுக்குப் பின்னால் நடுவை விரித்திருந்தான். ஒரு பக்கம் கருவாடு காய்ந்தது. நடு வட்டத்துக்குள் கிணறு வெட்டியிருந்தான்.

"நடுவுக்காக வந்தியளா?" என்றான் கிளீட்டஸ்.

"ஆமா." பெர்க்மான்ஸ் செருப்பைக் கழற்றினார். "இல்லலே. அன்னைக்கு நீ ஏன் பிந்தினேன்னு கேக்க வந்தேன்."

கிளீட்டஸ் ஒரு வாளி இறைத்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். "ஒரு வள்ளம் இஞ்சின் கெட்டு கடல் ஒழுக்குல இழுபட்டுப் போயிட்டு கெடந்தது. நாலு பேரு. கட்டி இழுத்துட்டு வர ஒரு பகல் ஆச்சு. இதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்."

உப்புக் காற்றடிக்கும் அந்த ஊரில் தண்ணீர் இளநீர் மாதிரி இனித்தது. பெர்க்மான்ஸுக்கு அழுகை வந்தது, அழுதார். கிளீட்டஸ் இன்னொரு வாளி இறைத்தான்.

"வாறியாலே?"

"எனக்கும் ஆசைதான் அண்ணே. நடுவை எடுத்தா கெணறும் கூட வந்துரும். மூணு தெரு இதுலதான் குடிக்குது."

பெர்க்மான்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டார். ஊர் திரும்பி, பலகையில் கிளீட்டஸின் பெயரைத் திரும்ப எழுதினார். நேரங்கெட்ட நேரத்தில் செய்கிற காரியம் என்று அவருக்கே தெரிந்தது. திருவிழா ஆட்டம் அடுத்த துறைக்குப் போனது.

அந்த வாரமே ததேயு இரண்டு கோல் கம்பங்களையும் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணே, ஆழ்கடலுக்குப் போறேன். இது பக்கத்துல இல்லாம எனக்கு ஒறக்கம் வராது. நாப்பது நாளு. பிந்தினாலும் பிந்தும்."

"பிந்தினா வந்து சொல்லு," என்றார் பெர்க்மான்ஸ். "நான் கேப்பேன்." கம்பத்தின் மறுமுனையைப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, நடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சும்மா ஆடிப் பார்க்க வந்த எதிரணியிடம், கோல் கம்பங்கள் கடலுக்குப் போயிருக்கின்றன என்று சொன்னார். அவர்கள் சரி என்று பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கடலைப் பார்த்து வரிசையாகக் கரையில் உட்கார்ந்தார்கள். பெர்க்மான்ஸ் அவர்களுக்கு நாற்பது நாளைக்குச் சோறு சொல்லிவிட்டு வந்து, வரிசையின் கடைசியில் உட்கார்ந்துகொண்டார்.