நனையாத பச்சை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவளின் பிடரியில் முதல் பச்சை அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது, அவளுடைய நான்கு வயது மகள் மருத்துவமனையில் இறந்த பிற்பகலில். அதற்குப் பிறகு அது எழுந்து போகவில்லை. சாப்பிடவில்லை, முட்டையிடவில்லை, சாகவும் இல்லை. சிறகுகளை முழுக்க விரித்து, கூந்தல் தொடங்கும் இடத்துக்குக் கீழே தோலோடு ஒட்டவைத்த இளந்தளிர் போல இருந்தது. தாதி ஒருத்தி அதைத் தட்டிவிடப் பார்த்தாள். நகராததால் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். கீழே மருந்து கொடுக்கும் ஜன்னலில் வரிசையில் நின்றிருந்த கணவன் பொட்டலத்தோடு மாடியேறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கண்ணில் முதலில் பட்டது பூச்சிதான், குழந்தை இல்லை. தொழில் பழக்கம். அதை நினைத்து அவன் பிற்பாடு எவ்வளவோ வெட்கப்பட்டான்.

அவன் அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் இருந்தான். காடுகளிலிருந்து காகித உறைகளில் காய்ந்து வந்துசேரும் அந்துப்பூச்சிகளின் சிறகை விரித்து, ஊசி குத்தி, இழுப்பறைகளில் வரிசைப்படுத்துவது அவன் வேலை. தெருவில் அவனுக்குப் பூச்சிக்காரன் என்றே பெயர். காய்ந்த பூச்சியின் சிறகு தொட்டால் நொறுங்கும். அதனால் ஈர மணல் பரப்பிய மூடி போட்ட பெட்டியில் ஒரு நாள் வைத்து இளக்க வேண்டும். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் எல்லாவற்றுக்கும் இதுதான் வழி, இந்த வெளிர் பச்சை இனத்தைத் தவிர. அதன் பச்சைக்குத் தண்ணீர் ஆகாது. ஈரம் பட்டால் நிறம் கழன்று பழைய வைக்கோல் மாதிரி ஆகிவிடும், திரும்ப வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலைக்காட்டின் மொத்தப் பச்சையையும் அவன் ஈரப்பெட்டியில் வைத்து வைக்கோலாக்கியிருக்கிறான். பிரிவின் தலைவியான மேடம் அன்று திட்டவில்லை, அழுதார். திட்டியிருந்தால் மறந்திருப்பான்.

மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகும் கண்ணாடிக் கடைக்காரி அழவில்லை. அழக்கூடாது என்று இல்லை, அழுகை வரவில்லை. வீட்டைப் பெருக்கினாள், வாலுவின் துணிகளை மடித்தாள் (குழந்தையை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிட்டார்கள்), அந்த வாரக் கடைசியிலேயே வேலைக்குப் போனாள். எதிர்வரிசையில் குடியிருந்த பூச்சிக்காரனின் அக்கா தினமும் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று சொல்வாள்: "பெத்தவளுக்குக் கண்ணு கலங்கல. இவன் என்னடான்னா குழாய் மாதிரி ஒழுகறான். ரெண்டு பேரையும் கலந்து பாதியாப் பிரிச்சா நல்லாயிருக்கும்." உள்ளேயிருந்து தம்பி மனைவி, "அண்ணி, டீ ஆறிடும், குடிச்சிட்டுப் பேசுங்க" என்பாள். கேலியாகச் சொல்வதில்லை, டீ ஆறிவிடும் என்பதற்காகத்தான்.

பூச்சிக்காரன் அழுதான். பேருந்தில், மதியச் சாப்பாட்டின் நடுவில், ஷூ நாடாவைக் கட்டும்போது அழுதான். அருங்காட்சியகத்தில் அவனுக்கு மூக்கொழுகி என்று இன்னொரு பெயர் வந்தது. மேடம் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். பச்சை இழுப்பறைமீது கண்ணீர் சொட்டிவிடக்கூடாது என்று, கண்ணுக்குக் கீழே கைக்குட்டையைக் கொள்ளைக்காரன் மாதிரி கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொன்னார். அவனும் கட்டிக்கொண்டான். மாலைக்குள் அது நனைந்து கனக்கும். பிழிந்து ஜன்னலில் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு வருவான். அது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது.

அடுத்த வருடம் வாலு வயதுப் பிள்ளைகளெல்லாம் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போன காலையில் இரண்டாவது பூச்சி வந்து இடது தோளில் உட்கார்ந்தது. அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது மூன்றாவது வந்தது. பிறகு காரணம் தெரிந்தும் தெரியாமலும் சில. மேடம் ஒரு நாள் பூதக்கண்ணாடியோடு வீட்டுக்கே வந்து, கண்ணாடிக் கடைக்காரியைக் குனியச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார். "பேரினம் ஒண்ணுதான். சிற்றினம் எல்லாம் வேற வேற. ஒரே வயித்துப் பிள்ளைங்க, ஆனா ஆளுக்கொரு குணம்" என்றார். முதலாவதுக்குச் சிறகுக்கு ஒன்றாகப் பழுப்புப் புள்ளி. இரண்டாவதுக்குச் சிறகின் ஓரம் முழுக்கச் சிவப்பு நூல். மூன்றாவதுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, கை நடுங்கி இழுத்ததுபோல. இவையெல்லாம் வெவ்வேறு காடுகளில் இருப்பவை, ஒரே இடத்தில் பார்த்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனார். கடையில் வாடிக்கையாளர்களுக்கு அது பழகிவிட்டது. சுவரிலிருக்கும் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லும்போது, எழுத்து தெரியாதவர்களிடம், "சரி, என் தோள்ல எத்தனை பூச்சி தெரியுது?" என்று கேட்டே கண்ணாடியின் பவரைச் சரிபார்த்தாள்.

அவளுக்கு எதுவும் வலிக்கவில்லை. கண்ணாடிச் சட்டத்தின் காதுக்கொக்கியை வளைக்கச் சூடான மணல் சட்டியில் செருகும்போது விரல் சுட்டாலும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் நகரத்தின் மறுபக்கத்தில் பூச்சிக்காரன் ஊசியைக் கீழே போட்டுவிட்டு விரலை ஊதிக்கொண்டிருப்பான். மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்தார். மாலையில் அவள் விரலில் கொப்புளத்தைப் பார்த்த பிறகு அவன் மாத்திரையை நிறுத்தினான். "பாத்து வேலை செய், எனக்கு எரியுது" என்று சொல்லிவைத்தான். "சரிங்க" என்று அவள் கையுறை வாங்கிக்கொண்டாள். இப்படி ஒரு கணவன் மனைவிக்குள் நடக்கும் என்பதில் அவர்களுக்கு ஆச்சரியம் தோன்றவில்லை. வீட்டில் ஒருவர் விளக்கை அணைக்காமல் போனால் இன்னொருவர் எழுந்துபோய் அணைப்பதில்லையா, அதுபோலத்தான்.

அவனால் தாங்க முடியாதது வேறு. அவன் அவளைக் கட்டிப்பிடித்து வருடங்கள் ஆகியிருந்தன. கட்டிப்பிடித்தால் அழுகை வரும்; அழுதால் பூச்சி நனையும். கட்டிலின் இரு ஓரங்களில், நடுவில் ஒரு ஆள் படுக்கலாம் என்கிற இடைவெளி விட்டு, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தார்கள். அவள் குடையில்லாமல் வெளியே போவதில்லை. தோளுக்குக் கீழேதான் குளிப்பாள். பூச்சிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்கு வைராக்கியம் ஒன்றும் இல்லை. நல்ல துணியை நனைக்கக்கூடாது என்பது மாதிரி ஒரு பொதுவான ஜாக்கிரதை. பூச்சியின் பச்சை கழன்றால் அவளுக்கும் வலி வரும், அவளையும் தன்னைப்போல ஆக்க ஒரு கை தண்ணீர் போதும் என்பது பூச்சிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் குப்புறப்படுத்துத் தூங்கும்போது, கைக்குட்டையை நனைத்து எடுத்துக்கொண்டு போய்த் தலைமாட்டில் நின்றான். இவளுக்கும் வலிக்கட்டும் என்று நினைத்தான். கெட்ட எண்ணம் இல்லை. இருட்டான வீட்டில் இருக்கிறவன் இன்னொரு ஆள் இருமினால் தேவலை என்று நினைப்பானே, அப்படி. கைக்குட்டையிலிருந்து ஒரு சொட்டு தலையணையில் விழுந்தது. "தலைகாணி நனையுது" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். அவன் கைக்குட்டையைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு புதன்கிழமை, வேலையின் நடுவில் பூச்சிக்காரனின் இடது கை திடீரென்று கனத்தது. தோளில் தொடங்கி முழங்கை மடிப்பு வரை, எதையோ ஏந்திக்கொண்டதுபோல. மடிப்பில் சூடு; காய்ச்சல் சூடு. ஈரமான முடி தோலில் ஒட்டியது. மணிக்கட்டில் ஒரு மூச்சு பட்டது. இன்னொன்று பட்டது. அடுத்ததற்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை. கனம் மட்டும், முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அங்கேயே இருந்தது. ஊசியை மேசையில் வைத்துவிட்டு, கட்டிடம் பூட்டும்வரை அந்தக் கையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். அன்று அவன் அழவில்லை. மேடம் வந்து அவன் காய்ந்த கைக்குட்டையைப் பார்த்துவிட்டு, தன் நாற்காலியைக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இன்னிக்கு மதியம் கடையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணும் இல்லையே. ஒரு அம்மா கண்ணாடி போட்டுப் பாக்கணும்னு, தூங்கற குழந்தைய என் கையில குடுத்தாங்க. வெச்சிருந்தேன். ஏன்?"

"எந்தக் கையில?"

"இடது கையில." அவள் காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள். "குழந்தைன்னே தெரியலைங்க. ஏதோ பார்சலைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு."

அவன் தன் கைக்கு வந்ததைச் சொன்னான். சூட்டை, முடியை, இரண்டு மூச்சை, வராத மூன்றாவதை. அவன் முடித்த பிறகு, "அது அன்னிக்கு நடந்தது" என்றாள். "வாலு தூக்கிக்கோன்னு கேட்டா. தூக்கிக்கிட்டேன். நீங்க கீழ இருந்தீங்க."

"தூங்கற மாதிரி இருந்துச்சுன்னுதானே சொன்ன?"

"பாக்க அப்படித்தான் இருந்துச்சு. முகம் ஞாபகம் இருக்கு. பாவாடை கலர்கூட ஞாபகம் இருக்கு. கனம்தான் இல்ல. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், கையில ஒண்ணுமே இல்ல." பிறகு, கடையில் கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்பதுபோல நிதானமாகச் சொன்னாள்: "அது என்னோடதுங்க. குடுத்துடுங்க."

இத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தவனுக்கு இப்போது கொடுக்க மனம் வரவில்லை. அந்த மாடியறையில் தான் இல்லாமல்போன நேரம் இன்று மதியம்தான் அவனுக்குக் கிடைத்திருந்தது. தவிர, அது எப்படி இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். "வலிக்கும்" என்றான்.

"நீங்க தாங்கறீங்கல்ல."

"நான் எங்க தாங்கறேன்? ஆபீஸ்ல மூக்கொழுகின்னு கூப்பிடறாங்க."

"தெரியும். அண்ணி தெரு முழுக்கச் சொல்லியாச்சு." அவள் திரும்பி உட்கார்ந்து பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். "புள்ளி வெச்சதுதானே அன்னிக்கு வந்தது? அதை மட்டும்."

"ஆபீஸ்ல சொட்டு மருந்துக் குழாய் இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வரேன்."

"அதெல்லாம் எதுக்கு? எப்பவும் அழற மாதிரி அழுங்க. அன்னிக்குக் கைக்குட்டையோட வந்து நின்னீங்களே, அந்தத் தைரியம் எங்க போச்சு?"

வருடக்கணக்காக நினைத்த இடத்தில் அழுதவனுக்கு, அழச் சொன்னதும் அழுகை வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, பிடரிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு முயன்று பார்த்தான். "வருதா?" என்று அவள் கேட்டாள். "இரு" என்றான். அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை பழைய வாசனையாகவே இருந்தது. அதை அவன் மறந்துபோயிருந்தான். மறந்தது தெரிந்ததும் அழுகை வந்தது.

பச்சை போவதற்கு நேரம் ஆகவில்லை. முதலில் சிறகின் ஓரங்கள், பிறகு நடுப்பகுதி, கடைசியாகப் புள்ளியைச் சுற்றி. வைக்கோல் நிறமான பிறகும் பூச்சி அங்கேயேதான் இருந்தது. அவன் இடது கை லேசானது. காற்றில் மேலே எழும்பிவிடும்போல லேசாகி, பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. அவளுடைய இடது கை மெல்ல மடிந்து மார்போடு சேர்ந்தது. வாயைத் திறந்தாள்; சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. எதிர்வரிசையிலிருந்து அக்கா ஓடிவந்து கதவருகில் நின்றாள், பார்த்தாள், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டு, தெருவில் கூடியவர்களை, "போங்க, போய் வேலையைப் பாருங்க" என்று விரட்டினாள்.

வெகுநேரம் கழித்து, அழுகை ஓய்ந்த இடைவெளியில், கண்ணாடிக் கடைக்காரி கணவனைப் பார்த்து, "கை வலிக்குது, கொஞ்சம் வாங்கிக்கோங்க" என்றாள். அவன் கையை நீட்டினான். தூங்குகிற பிள்ளையைக் கை மாற்றுகிறவர்கள் செய்வதுபோல, தலை தொங்காமல், பார்த்து மாற்றிக்கொண்டார்கள். கனம் அவனிடம் வந்தது.

மற்றப் பூச்சிகளை அவர்கள் அவசரப்படுத்தவில்லை. சிவப்பு ஓரம் அடுத்த வருடமும், வெள்ளைக் கோடு அதற்கு வெகுகாலம் பிறகும் நனைந்தன. ஒன்றிரண்டு இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. மேடம் ஓய்வு பெறுமுன் வந்து பார்த்து, நிறம் போனாலும் சிற்றினம் மாறாது என்று உறுதி சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பேருந்தில் ஏரிக்கரைக்குப் போகிறார்கள். போகும்போது ஒருவர் இடது கையை மடித்து வைத்திருப்பார். பாதி வழியில் மற்றவர் வாங்கிக்கொள்வார். கூட்டத்தில் நிற்பவர்கள் அந்தக் கையை இடிப்பதில்லை, யாராவது எழுந்து இடம் விடுவார்கள். அந்தத் தடத்துக்குப் புதிதாக வந்த நடத்துநர் ஒருவர் முதல் நாள் இரண்டு சீட்டைக் கிழித்துவிட்டு, மடித்த கையைப் பார்த்து நின்றார்.

"வயசு என்னம்மா?"

"நாலு."

"அஞ்சுக்குள்ள டிக்கெட் இல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.