நாலாம் மேசையின் எதிர் இருக்கை

பூசான் நகரத்து ஜொன்போ சந்தில், பாங் சித்தி கடையின் நாலாம் மேசையில், தாக் மான்சுவுக்கு எதிரே வைத்த சோறு பதினொரு வருடமாக வியாழக்கிழமை தவறாமல் காலியாகி வந்தது. எதிர் இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை. மான்சு ஐம்பது வயதுத் தனிக்கட்டை. கல்யாணமும் ஆகவில்லை, ஆகி யாரும் செத்துப்போகவும் இல்லை, அதனால் ஆவி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. சந்து முழுக்க நட்டும் போல்ட்டும் விற்ற காலத்தில் கடை போட்டவன், சுற்றிலும் ஒவ்வொன்றாகக் காபிக் கடைகளான பிறகும் அசையாமல் நட்டும் போல்ட்டுமே விற்றுக்கொண்டிருந்தான்.

எல்லாம் கடையின் சட்டத்தால் வந்தது. கணவாயும் குடலும் இறாலும் போட்டு மேசையிலேயே கொதிக்கவிடும் அந்தச் சட்டியை இரண்டு பேருக்குக் குறைந்து சித்தி அடுப்பில் ஏற்றமாட்டாள். அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவள் சித்திதான், ஆனால் சட்டம் சட்டம்தான். மான்சு முதல் வியாழன் மத்தியானம் வேறு வழியில்லாமல் இரண்டு பேருக்குச் சொன்னான். பாதி சாப்பிட்டு நிமிர்ந்தபோது எதிர்க் கிண்ணத்தில் சோறு இல்லை, கரண்டி இடது பக்கமாகக் கிடந்தது. "ரெண்டு ஆளு சோத்தையும் நீயே முழுங்கிட்டு கதையா விடுற?" என்றாள் சித்தி. அடுத்த வியாழன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். சோறு ஓரத்திலிருந்து வாய் வாயாகக் குறைந்தது. இறால் ஒன்று மேலே எழுந்து, காற்றில் கொஞ்சம் ஆறி, காணாமல் போனது. சித்தி உள்ளே போய் இன்னும் நாலு இறால் கொண்டுவந்து எதிர்ப்பக்கமாகப் போட்டாள். அந்த மாதம் கிம்ச்சி ஊறுகாய் போடும் கோசின் விலை மூன்று மடங்கு ஏறியிருந்தது, சந்தில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

மான்சுவின் பக்கத்திலும் ஒன்று நடந்தது. இறாலை மெல்லும்போதே அவன் நாக்கில் பனிக்காற்றில் உலர்த்திய கருவாட்டின் ருசி வரும். பூசானில் பனி விழுவதே அபூர்வம், ஆனால் ஆடி வெயிலிலும் அந்த ருசி வந்தால் அவன் உதடு குளிரில் விறைக்கும். அப்போதெல்லாம் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தன்னைப் போன்ற ஒருவனுக்கு இதெல்லாம் எதற்காக நடக்கிறது என்று நினைத்துக் கண் கலங்கியிருக்கிறான். வியாழன் என்றால் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். கரண்டியை இடது பக்கம் தானே எடுத்து வைத்தான். டோஃபு என்ற சோயாக் கட்டி மட்டும் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. சட்டியில் வருவதையெல்லாம் எதிர்க் கிண்ணத்துக்குத் தள்ளிவிடுவான், அதுவும் காலியாகிவிடும்.

போன தை மாதம் சித்தியின் மகள் நாரே சியோலிலிருந்து வந்து கடையை எடுத்துக்கொண்டாள். வாசலில் இளசுகள் வரிசை முக்குவரைக்கும் நின்றது, பாதிப் பேர் தனியாக வருகிறவர்கள். ஒற்றை ஆளை விரட்டுகிற கடை இந்தக் காலத்தில் ஓடுமா என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. வெள்ளிக்கிழமை தச்சர் வருவார், நாலாம் மேசை போய்ச் சுவரைப் பார்த்த ஒற்றை இருக்கைகள் வரும், சட்டமும் போகும். குரலை உயர்த்தியே அறியாத மான்சு அன்று எழுந்து நின்றுவிட்டான்.

"அந்தச் சட்டத்தை எடுத்துட்டா அவங்க எங்க வந்து உக்காருவாங்க, நாரே?"

"மாமா, அவங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாது. எறாலு பிடிக்கும்னு தெரியும்."

கடைசி வியாழன் வந்தது. எதிர்ச் சோறு குறையவில்லை. ஆவி அடங்கி, ஆறி, ஓரம் காய ஆரம்பித்தது. மான்சுவின் நாக்கில் இறாலைத் தவிர எதுவும் இல்லை. சேதி தெரிந்து, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் கடைக்கு மேலே மாடி விடுதியில் தங்கியிருந்த பெண் கீழே இறங்கி வந்தாள். பெயர் பியோன் சுன்யோங், வடக்கே சொக்சோவில் பேருந்து ஓட்டுகிறவள். விடுமுறைக்குக் கடல் பார்க்க வந்தவள், வியாழனுக்குள் ஊர் திரும்பியிருக்க வேண்டும், மலைப்பாதையைப் பனி மூடிவிட்டது. மேசையெல்லாம் நிரம்பியிருந்தது. சித்தி ஆறிப்போன சோற்றைப் பார்த்தாள், மான்சுவின் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து எதிர் இருக்கையில் உட்காரவைத்தாள்.

அவள் இடது கையால் கரண்டியை எடுத்தாள். ஒரு இறாலை மென்றாள், மெல்லுவதை நிறுத்தினாள். மான்சுவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்க ஊர்ல கருவாட்டுச் சட்டியும் ரெண்டு பேருக்குத்தான் குடுப்பாங்க," என்றாள். "நானும் வியாழக்கிழமை தனியாத்தான் போய் உக்காருவேன். பதினொரு வருஷமா எனக்கு எதிர்ல வெக்கிற கிண்ணத்துல டோஃபுவை மட்டும் மிச்சம் வெக்கிறது நீங்கதானா?"

நாரே கையில் அளவு நாடாவோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அது வழவழன்னு இருக்கும்ங்க," என்றான் மான்சு.

"ஒரு தடவை தின்னு பாத்தா உயிரா போயிடும்?"

சந்து கல்யாணச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து ஏமாந்தது. அவளுக்கு அங்கே பேருந்து, இவனுக்கு இங்கே நட்டும் போல்ட்டும். சனிக்கிழமை பாதை திறந்ததும் அவள் ஊருக்குப் போனாள். நாரே ஒற்றை இருக்கைகளைப் போட்டாள், ஆனால் நாலாம் மேசைக்கு மட்டும் இரண்டு பேருக்குக் குறைந்து கிடையாது என்று பலகை எழுதி மாட்டினாள்.

அடுத்த வியாழன் மத்தியானம் எதிர்ச் சோறு வழக்கம்போலக் குறைந்தது. மான்சுவின் நாக்கில் முதலில் பனியும் கருவாடும் வந்தன. அதன் பின்னால் மெத்தென்று ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. சித்தி அன்று சட்டியில் டோஃபு போட்டிருக்கவில்லை. மான்சு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான்.