கடைசி மூன்று அளவுகள்

தரைக்குள் மின்சாரம் பாய்ச்சி நிலத்தடி நீரைத் தேடும் படிப்பில் நான் இறுதியாண்டு மாணவன். சித்தியைக் கேட்டால் விஞ்ஞானி. அவள் குடியிருக்கும் கடலோரத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வாரம் இரண்டு முறை வரும், வராமலும் இருக்கும். "எங்க அக்கா மகன் பூமிக்குள்ள பார்த்துச் சொல்லுவான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். தெருவும் நம்பியது.

வேலை எளிது. நேர்கோட்டில் நான்கு இரும்புக் கம்பிகளை அடித்து, வெளியே இருக்கும் இரண்டில் மின்சாரம் விட்டு, உள்ளே இருக்கும் இரண்டில் மண்ணின் மின்தடையை அளக்க வேண்டும். வெளிக் கம்பிகளைத் தள்ளி அடிக்க அடிக்க, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியும். கடற்கரையில் எண் சடசடவென்று விழுந்தால், கீழே உப்புத் தண்ணீர்.

சித்தியின் தெருவில் அளந்தபோது, கடைசி மூன்று அளவுகளுக்குக் கம்பி படகுப் பட்டறைக்குள் போக வேண்டியிருந்தது. பட்டறையில் ஒரு நாய். என் வகுப்புத் தோழன் ஒல்லி, கேபிளோடு வாசல் வரை போய்த் திரும்பினான்.

"டேய், அது என்னை எலும்புன்னு நெனைக்குதுடா."

வெயில் வேறு. மர நிழலில் உட்கார்ந்து மூன்று எண்களையும் நானே எழுதினேன். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து. அடக்க ஒடுக்கமான எண்கள். பேராசிரியர் அந்த எண்களின் வரைகோட்டை வகுப்பில் காட்டி, "எவ்ளோ அழகா வந்திருக்கு பாருங்க" என்றார். நிஜ அளவுகள் ஒருநாளும் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியது, ருசிக்கவில்லை.

என் ரிப்போர்ட்டை நம்பி, சித்தி வீட்டுக் கொல்லையில் போர்வெல் போட ஏற்பாடானது. வண்டி உள்ளே வர வழியில்லை என்று சித்தி தன் குளியலறைச் சுவரை இடித்திருந்தாள். "குளிக்கத் தண்ணியே இல்ல, குளியலறை மட்டும் எதுக்கு?"

இருபத்தோராவது மீட்டரில் தண்ணீர் வந்தது. போர்வெல்காரர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "நல்ல தண்ணி." தெருவே கூச்சலிட்டது. வாளிகளுக்குள் அதற்குள் சண்டை.

"தம்பி, நாப்பது மீட்டர் வரைக்கும் நல்ல தண்ணின்னு உங்க ரிப்போர்ட்ல இருக்கு. இறக்கிடவா? நெறைய வரும்."

கீழே உப்பு இருந்து துளை அதைத் தொட்டுவிட்டால், அது மேலேறி இந்தத் தண்ணீரையும் கெடுத்துவிடும். சித்தி என்னைப் பரிசளிப்பு விழா முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாண்ணே. இதுக்குக் கீழ நான் அளக்கல. நானா எழுதினது."

எஞ்சின் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. போர்வெல்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, "என்ன சொன்னீங்க?" என்றார். திரும்பச் சொன்னேன். இந்த முறை தெருவுக்கே கேட்டது.

"எதுக்குடா அப்படிப் பண்ணினே?" என்றாள் சித்தி.

"நாய் இருந்துச்சு சித்தி."

அவள் நேரே பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் நாயைக் கட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கட்டியிருப்பாராம்.

ஒல்லியும் நானும் கம்பி அடித்தோம். முப்பது. பதினாறு. ஏழு. துளை நின்ற இடத்திலிருந்து ஐந்தாறு மீட்டர் கீழேயே உப்பு. போர்வெல்காரர் குழாய்களை மேலே ஏற்றினார்.

தண்ணீர் வந்த சந்தோஷத்தில் தெரு என்னை மன்னித்துவிட்டது. "உப்பு இருக்கறத சரியான நேரத்துல கண்டுபிடிச்சான்ல" என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நான் திருத்தினேன். தன்னடக்கம் என்றார்கள்.

மறுநாள் இடித்த சுவரை நானே கட்டினேன். மாலையில் சித்தி தம்ளரில் தண்ணீரோடு வந்தாள். நல்ல தண்ணீர்.

"எத்தனை வரிசை வெச்சே?"

"பதினாலு சித்தி."

சரி என்று தலையாட்டினாள். பிறகு குனிந்து, கீழிருந்து ஒவ்வொரு வரிசையாக விரலால் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.